மாத்திரைக்கு முறிவு

கொல்லிமலையில் எதைத் தின்றாலும் அதற்கொரு முறிவு வைத்திருப்பார்கள். பலாச்சுளை வயிற்றைப் புரட்டினால் சுக்குத் தண்ணீர், பூச்சி கடித்தால் வெற்றிலையில் மிளகு. அப்படிப்பட்ட ஊரில் பொன்னாயி வலிமாத்திரைக்கு கிரீன் டீ முறிவு என்று நம்பினாள். அவளைத் திட்டிப் பிரயோசனமில்லை. போனில் மகள் சுஜிதா அனுப்பிய வீடியோவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், மருந்தால் ஈரலும் கிட்னியும் கெடாமல் கிரீன் டீ காக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

அவள் புருசன் கருப்பண்ணனுக்கு மிளகுப் பறிப்புதான் பிழைப்பு. ஒற்றை மூங்கிலை மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாய்த்து, அதன் கணுவில் கால் பெருவிரலை ஊன்றி, பகலெல்லாம் நின்றபடி பறிக்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் முட்டி என்ன இரும்பா? டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய வலிமாத்திரையில் தினம் காலையில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். அதற்கே பொன்னாயி பயந்துகொண்டுதான் இருந்தாள். வீடியோ வந்த பிறகு பயம் விட்டுப்போயிற்று. தூக்குப்போசியில் டீயைக் காட்டுக்கே கொண்டுபோய், மாத்திரையைத் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தாள்.

"டீயைக் குடிச்சுட்டுப் போடுங்க. ஒண்ணும் பண்ணாது."

ஒன்று மூன்றாயிற்று, மூன்று நாலாயிற்று. தை மாதம் அவர் கால் வீங்கியபோது, முறிவு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு டம்ளர் ஊற்றினாள் அந்த மகராசி.

முகமும் வீங்கிய பிறகுதான் பஸ் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் வாந்தி எடுத்தார். நாமக்கல்லில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கிட்னி பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, வலிமாத்திரையை இன்றைக்கே விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், இனி ஒன்று போட்டாலும் ஆபத்து என்றார். பொன்னாயி பையிலிருந்து டீ பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எலிக்குக் குடுத்துப் பார்த்ததுல கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்குதுங்கம்மா. அதுக்காக மாத்திரையை இஷ்டத்துக்குப் போடலாம்னு யாரும் சொல்லலை."

திரும்பி வரும்போது பொன்னாயி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த தன் கையைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. கொடுத்தது அந்தக் கைதானே.

மிளகு பழுத்துக் கொட்டத் தொடங்கியிருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. மறுவாரம் அவளே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மூங்கிலில் ஏறினாள். கீழே சாக்கில் உட்கார்ந்து கருப்பண்ணன் காம்பு நீக்கினார். மூன்று மரம் பறிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரையில் சாய்ந்து காலை நீட்டினாள். அதை மடக்க முடியவில்லை. இத்தனை வருசமாக இந்த மனுசன் இதைத்தான் தாங்கிக்கொண்டு நின்றாரா என்று நினைத்ததும் அழுகை வந்தது.

கருப்பண்ணன் தானே எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தார். டம்ளரை அவளிடம் நீட்டி, மறுகையை விரித்தார். உள்ளே ரெண்டு மாத்திரை இருந்தது.

"ஒளிச்சு வெச்சிருந்தேன் புள்ள. டீயைக் குடிச்சுட்டுப் போடு. ஒண்ணும் பண்ணாது."

அவர் முகத்தில் விளையாட்டில்லை. வீங்கிய கண்ணில் அத்தனை பிரியம் இருந்தது. பொன்னாயி மாத்திரையைப் பிடுங்கி நெருப்பில் போட்டாள். டீயைக் குடித்தாள். கசப்பாக, சூடாக இருந்தது. முட்டி வலித்துக்கொண்டேதான் இருந்தது.