தேடற்பெட்டியில் ஒரு பெயர்

கோயில் கொடியேறி இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, ஜெனீற்றா தன் ஊரின் இணையத்தளத்தைத் திறந்துவிட்டுப் பக்கம் வரும்வரை கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வினாடி எடுத்தது. ஒவ்வொரு ஓகஸ்டிலும் இதே கதைதான். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரையோரக் கிராமம் அது. சனம் குறைவு, ஆனால் ஊரை விட்டுப் போனவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். திருநாள் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து தளத்தின் கதவைத் தட்டுவார்கள். போன வருடம் சேர்வர் இரண்டு நாள் விழுந்து கிடந்தது. இதை மூடிவிட்டு முகநூலுக்குப் போங்கள் என்று சிலர் எழுதினார்கள்.

அவளுக்கு மூட மனமில்லை. 'எங்கட வீடுகள்' என்ற அந்தத் தளத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒவ்வொரு பக்கம் இருந்தது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுவதும் ஓடியபோது எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டார் தாங்களே எழுதி வைத்த பக்கங்கள். முழுப் பெயரைத் தட்டினால் ஆள் இருக்கும் நாட்டையும் வீட்டுப் பக்கத்தையும் காட்டும். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்திலிருந்த ஜெகதீஸ் என்பவர் தனி ஆளாகப் பேர்ள் என்ற கணினி மொழியில் எழுதியது. ஆறு வருடங்களுக்கு முன் அவர் தனக்கு இனி ஏலாது என்று சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்த ஜெனீற்றா பொறுப்பெடுத்தாள். அவளுக்குப் பேர்ள் தெரியாது. அவருடைய ஒன்பதாயிரம் வரிகளை வாசித்து வாசித்தே பழகினாள்.

அன்று பின்னேரம் முழுவதும் அவள் சேர்வரைக் கவனித்தாள். ஒருவர் வந்து ஒரு பக்கம் கேட்டால், சேர்வர் புதிதாக ஒரு பேர்ளை எழுப்பியது. அது ஒன்பதாயிரம் வரியையும் முதலிலிருந்து வாசித்து, தரவுத்தளத்தைத் திறந்து, கேட்ட ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனது. அடுத்தவருக்கு அடுத்த பேர்ள். நூறு பேர் சேர்ந்து வந்தால் நூறு பேர்ள் ஒன்றாக எழும்பி, இருக்கிற இரண்டு கிகாபைற் நினைவகத்துக்கு அடிபட்டன. தேநீர் கேட்கிற ஒவ்வொருவருக்கும் புது அடுப்பு கட்டுகிற மாதிரி இருந்தது. நிரலைச் சேர்வருக்கு உள்ளேயே ஒருமுறை ஏற்றிவிட்டு, சாகவிடாமல் வைத்திருப்பது என்று அவள் முடிவெடுத்தாள்.

முதலில் அப்படிச் சாகாத நாற்பது பேர்ள்களை வேலையாட்களாக வைத்தாள். ஒவ்வொன்றும் அறுபது மெகாபைற்றுக்கு ஊதி, சேர்வர் மூச்சுத் திணறியது. இருபதாகக் குறைத்தாள், பிறகு பன்னிரண்டாக. ஐந்நூறு பக்கம் கொடுத்த வேலையாள் ஓய்வெடுக்க, புதிது வரட்டும் என்று விட்டாள். சனிக்கிழமை மத்தியானம் பக்கம் ஒரு வினாடிக்குள் வந்தது. ஜெகதீஸ் அழைத்தார்.

"என்ன செய்தனீர்? பறக்குது!"

"சாகிறதை நிப்பாட்டினனான் அண்ணை. வேற ஒண்டும் செய்யேல்ல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் அன்று சோறு இறங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் தளத்தைத் திறந்து பார்த்தபோதுதான் அதைக் கண்டாள். தேடற்பெட்டியில் ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது. சூசைப்பிள்ளை றெஜினோல்ட். அவள் தட்டாத பெயர். பக்கத்தை மீண்டும் அழைத்தாள். இப்போது வேறொரு பெயர். மீண்டும் அழைத்தபோது பெட்டி வெறுமையாக வந்தது. அடுத்த முறை இன்னொரு பெயர்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கியது. முன்பு ஒவ்வொரு பேர்ளும் ஒரு பக்கத்தோடு செத்தபோது, அது மனதில் வைத்திருந்ததும் கூடவே செத்தது. இப்போது சாவதில்லை. தேடுகிற பெயரை வைக்கும் மாறியை ஜெகதீஸ் நிரலின் தலைப்பில், எல்லைக்குள் அடைக்காமல் விட்டிருந்தார். இருபது வருடமாக அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. இன்றோ பன்னிரண்டு வேலையாட்களும் தங்களிடம் கடைசியாக ஒருவர் தேடிய பெயரைத் துடைக்காமல் வைத்திருந்து, அடுத்து வந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தன. திருத்த ஒரு வரி போதும். அவள் கோப்பைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள். போனவள், இன்னும் ஒரே ஒருமுறை பார்ப்போம் என்று பக்கத்தை அழைத்தாள்.

வஸ்தியாம்பிள்ளை மரியநாயகி.

அது அம்மாவின் பெயர், தகப்பன் பெயரோடு. ஆனால் இப்போது யாரும் அறியாத பெயர். எண்பத்து நாலில் கலியாணம் கட்டியதிலிருந்து அம்மா அமிர்தநாதர் மரியநாயகி. அடையாள அட்டையில், வாக்காளர் இடாப்பில், கோயில் புத்தகத்தில், இந்தத் தளத்தில்கூட அப்படித்தான். அம்மாவின் தகப்பன் வீட்டுக்குத் தளத்தில் பக்கமே இல்லை, எழுத ஆளில்லை. அம்மாவின் தமையன் செத்துப் பதினைந்து வருடம். ஜெனீற்றா பெட்டியில் கிடந்த பெயரை அப்படியே விட்டு, தேடு என்பதை அழுத்தினாள். 'இந்தப் பெயரில் எவரும் இல்லை' என்று தளம் சொன்னது.

சேர்வர் பதிவுகளைத் திறந்தாள். வந்தவர் என்ன தேடினார் என்று அதில் விழாது. எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வேலையாளிடம் வந்தார் என்பது மட்டும் விழும். அந்தப் பெயரைக் காட்டிய வேலையாளிடம் கடைசியாக, காலை பத்தேகாலுக்கு, இத்தாலியில் பலேர்மோ நகரத்திலிருந்து ஒருவர் வந்து, ஒரே ஒரு தேடல் செய்துவிட்டுப் போயிருந்தார். அங்கே அப்போது விடிந்துகொண்டிருந்திருக்கும். பழைய பதிவுகளைக் கிளறினாள். போன ஞாயிறும் அதே நகரம், அதே நேரம், ஒரே தேடல். அதற்கு முந்தின ஞாயிறும். ஏழு மாதப் பதிவுகள்தான் சேர்வரில் இருந்தன. ஏழு மாதமும் அப்படியே இருந்தது.

அந்த ஒரு வரியை அவள் அன்று திருத்தவில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று கோப்பை மூடினாள். திங்களும் திருத்தவில்லை. அந்தப் பெயர் இன்னொருமுறை வருமா என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. பார்க்கப் பார்க்க மற்றப் பெயர்களும் வந்தன. செத்தவர்களின் பெயர்கள் வந்தன. ஒரே பெயர் வேறு வேறு எழுத்தோடு நாலு வேலையாட்களிடம் இருந்தது, யாரோ எழுத்தை மாற்றி மாற்றித் தேடியிருக்கிறார்கள். முப்பத்தேழு வயதில் அவளுக்கும் ஒரு எண்ணம் வந்தது: என்னை இப்படி யாரும் தேடியிருப்பார்களா? வந்த எல்லாப் பெயர்களிலும் தன் பெயரையும் தேடிப் பார்த்தாள். இல்லை. பிறகு தன் மீதே அருவருப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து முகம் கழுவும்போது இலண்டனிலிருந்து மேர்சி அக்கா அழைத்தார். ஒழுங்கை முனை வீட்டுக்காரர். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"பிள்ளை, நான் என்ர மோனைத் தேடினது என்ர மச்சாளுக்கு எப்பிடித் தெரியும்?"

ஜெனீற்றா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"அவன் எங்களோட கதைச்சு நாலு வருசம். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. மான்செஸ்ரரில நல்லா இருக்கிறான் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். மச்சாள் போன் எடுத்து, மோனை ஏன் ஊர்ப் பக்கத்தில தேடுறியள், தொலைச்சுப்போட்டியளோ எண்டு சிரிக்கிறா. தேடினது நான்தான் எண்டு எப்பிடிப் பிடிச்சவ?"

"அவனை வேற ஆர் அக்கா தேடுவினம்" என்று வாய் வரை வந்ததை ஜெனீற்றா விழுங்கினாள். "பிழை என்ர பக்கம் அக்கா. இப்பவே திருத்திறன்."

"திருத்தி?" என்றார் மேர்சி அக்கா. பிறகு அழைப்பை வைத்துவிட்டார்.

அவள் ஈர முகத்தோடு போய் அந்த வரியைத் திருத்தினாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை. பன்னிரண்டு வேலையாட்களையும் நிறுத்தித் திரும்ப எழுப்பினாள். பெட்டி வெறுமையாக வந்தது. ஐம்பது தடவை அழைத்தாள், ஐம்பது தடவையும் வெறுமை. தளத்தின் முகப்பில் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு, தன் பெயரைப் போட்டாள். பிறகு ஜெகதீஸை அழைத்துச் சொன்னாள்.

"மாறியை அப்பிடித் திறந்து விட்டது நான்தானே," என்றார் அவர். "நீர் என்ன செய்வீர்?"

"நான் ஞாயிறே கண்டனான் அண்ணை."

"பிறகேன் ரெண்டு நாள் விட்டனீர்?"

அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லி அவள் அழைப்பை வைத்தாள்.

புதன்கிழமை பின்னேரம் அம்மா குசினி வாசலில் இருந்து ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெனீற்றா பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, உங்களை ஆரும் வஸ்தியாம்பிள்ளை மரியநாயகி எண்டு சொல்லுவினமோ?"

"இனி ஆர் சொல்லப்போகினம்? பள்ளிக்கூடத்தில இடாப்புக் கூப்பிடேக்க சொன்னது."

"ஆரோ அந்தப் பேரில உங்களைத் தேடுகினம். ஞாயிறு ஞாயிறாய். எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது, ஒரு பிழையால தெரிஞ்சுபோச்சு."

அம்மாவின் கத்தி மீனின் செட்டையில் நின்றது. "எங்கயிருந்து?"

"இத்தாலி. பலேர்மோ எண்டு ஒரு இடம்."

"கடற்கரையோ?"

"ஓம்."

அம்மா மிச்ச மீனையும் வெட்டினாள். மூன்று தண்ணீரில் கழுவினாள். சட்டியை மூடி, கையை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து திரும்பவும் அதே இடத்தில் இருந்தாள்.

"சில்வெஸ்ரர்," என்றாள். "அனலைதீவார். இறங்குதுறையில இஞ்சின் திருத்துறவர். நான் தையலுக்கு அந்த வழியாலதான் போறனான். எண்பத்தொண்டில கப்பலுக்குப் போனவர். போறதுக்கு முதல் நாள் கோயில் மதிலடியில நிண்டு, ரெண்டு வருசத்தில வந்து உங்கட ஐயாவோட கதைக்கிறன் எண்டு சொன்னவர். நான் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. கையில ஒரு நூல்கட்டை இருந்தது. அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"வரேல்லையோ?"

"மூண்டு வருசம் பாத்தன். பிறகு ஐயா எனக்கு உன்ர கொப்பாவைக் கலியாணம் பேசி வந்தார்." அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "கொப்பா நல்ல மனுசன். ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லை. உனக்குத் தெரியும்தானே."

"தெரியும் அம்மா."

முற்றத்தில் காயப்போட்ட பாயைக் காற்று மடித்துப் போட்டது. இருவரும் அதை எழுந்துபோய்ச் சரிசெய்யவில்லை.

"அந்தப் பேரில தேடினா என்ன காட்டும்?"

"ஒருத்தரும் இல்லை எண்டு காட்டும்."

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஓம்."

"அது பொய்யெல்லோ பிள்ளை," என்றாள் அம்மா. "நான் இருக்கிறன்தானே."

வியாழன் விடிய, ஜெனீற்றா பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது, அம்மா சாப்பாட்டுப் பெட்டியை நீட்டியபடி, "அந்தப் பேரையும் எங்கட வீட்டுப் பக்கத்தில போட்டுவிடு," என்றாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பின்னேரம் ஜெனீற்றா அப்படியே செய்தாள். செய்து முடித்ததும் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள் அம்மா. அமிர்தநாதர், இரண்டாயிரத்துப் பதினாறில் காலமானார். மரியநாயகி, வஸ்தியாம்பிள்ளையின் மகள். ஜெனீற்றா, மகள். இப்போது இருக்குமிடம்: அதே வீடு.

"படம்?"

ஜெனீற்றா அலுமாரியிலிருந்து பழைய ஸ்ரூடியோப் படம் ஒன்றை எடுத்து வந்தாள். இரட்டைப் பின்னலும் பெரிய கண்களுமாக, பத்தொன்பது வயது அம்மா. அம்மா அதை வாங்கி யன்னலடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப எடு."

முகம் கழுவி, நரைத்த தலையை வாரி இழுத்து முடித்து, திருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த நாவல்நிறச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். ஜெனீற்றா கைபேசியைத் தூக்கினாள். அம்மா சிரிக்கவில்லை. ஐந்து படம் எடுத்தும் ஒன்றிலும் சிரிக்கவில்லை. ஐந்தாவதில் ஏதோ கேட்பதற்கு வாய் திறந்த மாதிரி இருந்தாள். அதுதான் வேண்டும் என்றாள்.

திருநாள் ஞாயிறு அம்மா முதல் பூசைக்குப் போய்விட்டு, கூட்டுத் திருப்பலிக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊரே கோயிலில் நின்றது. ஒலிபெருக்கியில் பிரார்த்தனை கேட்டது. ஜெனீற்றா மேசையில் கணினியைத் திறந்து, அந்த நேரம் ஒவ்வொரு வேலையாளும் யாருக்கு எந்தப் பக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும் பட்டியலைப் போட்டாள். பன்னிரண்டு வரிகள். யார் எந்தப் பெயரைத் தேடுகிறார்கள் என்பது இனி அவளுக்கும் தெரியாது. எந்த வீட்டுப் பக்கம் திறக்கிறது என்பது மட்டும் தெரியும். அம்மா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"இது ஆர்?"

"ரொறன்ரோ. கோயில் படம் பாக்கினம்."

"இது?"

"அது மெசின் அம்மா. கூகிள்."

பத்து மணி கடந்தது. பத்தேகாலும் கடந்தது. ஜெனீற்றா அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். திருத்தினதை இரண்டு நாள் முந்தித் திருத்தியிருந்தால் மேர்சி அக்கா மறைத்து வைத்தது வெளியில் வந்திராது என்ற நினைவு வந்து வந்து போனது. பத்து முப்பத்தொன்றுக்கு ஏழாவது வரி மாறியது. அவர்களுடைய வீட்டின் பக்கம். தொடர்ந்து படம். பலேர்மோ. அந்த நகரத்தில் இந்த ஊராரின் வேறு இரண்டு குடும்பமும் இருந்தன, அது அவளுக்குத் தெரியும்.

"எங்கட பக்கத்தை ஆரோ திறந்திருக்கினம்."

வரியின் தொடக்கத்தில் ஓர் எழுத்து மாறியது. பக்கத்தைக் கொடுத்து முடித்த பிறகும், வந்தவர் இன்னும் ஏதாவது கேட்கக்கூடும் என்று சேர்வர் அவருடைய தொடுப்பை அறுக்காமல் ஐந்து வினாடி பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது வரும் எழுத்து அது.

"போயிட்டாரோ?" என்றாள் அம்மா.

"இல்லை. இன்னும் நிக்கிறார்."

அம்மா கதிரையிலிருந்து மெல்ல எழுந்து நின்றாள்.