சத்தத்துக்குக் கூலி

ஜூலியன் என்கிற இசைக்காரர் கண்ணையன் மேஸ்திரியின் ஆட்களுக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். அந்தப் பாக்கி நின்ற மூன்று வருடமும் அவர்களுடைய கலவை மிஷின் சத்தமில்லாமல் சுற்றியது. டீசல் குடித்தது, புகை விட்டது, ஜல்லியையும் சிமெண்டையும் புரட்டிக் கொட்டியது. சத்தம் மட்டும் கிடையாது.

விஷயம் ஆரம்பித்தது சாரம் என்கிற பகுதியில், ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போட்ட அன்று. ஜூலியன் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் வீட்டுக்காரர், கம்ப்யூட்டரில் எலெக்ட்ரானிக் இசை செய்கிறவர். ராகமும் பாட்டும் இல்லாத புது மாதிரி ஆல்பம் போடப் போவதாகச் சொல்லி மைக்கும் ஒயருமாக வந்து நின்றார். தளம் முடிந்த பிறகு அரை நாள் வேலை வாங்கினார். மிஷினைக் காலியாக ஓடவிடச் சொன்னார். மண்வெட்டியால் வெறும் தரையைச் சுரண்டச் சொன்னார். சித்தாள் ஜெயத்தைச் சட்டியைத் தட்டிக்கொண்டே "ஏத்து, ஏத்து" என்று கத்தச் சொன்னார். சிமெண்டு மூட்டை பிரிக்கிற ஆள் பாவாடை ஓரமாகப் போய் இருமியபோது, "அங்கியே நில்லுங்கண்ணே, நல்லா இருமுங்க" என்று மைக்கை அவர் வாய்க்குக் கொண்டுபோனார். "என் இருமல கேக்கறதுக்குன்னு ஒருத்தன் வந்தாம்பா" என்று பாவாடை சிரித்தார். கூலி, ஆல்பம் வந்ததும் என்று பேச்சு. மறுநாள் மிஷினை முடுக்கினால் சத்தமில்லை. மண்வெட்டிக்கும் சட்டிக்கும் இல்லை. பாவாடையின் இருமல் வீட்டிலும் கேட்கவில்லை. வேலை இடத்தில் ஜெயம் வாய் திறந்தாலும் ஒன்றும் வரவில்லை. தெருவுக்கு வந்தால்தான் அவருக்குக் குரல் வந்தது.

ஆல்பம் கறுப்பு இசைத்தட்டாக வந்தது, ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சம். காபிக் கடைகளில் ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்கள். 'உழைப்பின் மூச்சு' என்று பத்திரிகையில் எழுதினார்கள். மூச்சுக்கு விலை போட்டவர்கள் மூச்சு விட்டவர்களுக்கு ஒரு டீக்குக்கூடக் காசு கொடுக்கவில்லை. வீடு கட்டுகிற சொந்தக்காரர்களோ கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே வேலையை அளக்கிறவர்கள். "ஒரு சத்தமும் வரலியே, மேல தூங்கினீங்களா?" என்று கூலியில் பிடித்தார்கள். ஒரு நர்சிங் ஹோம்காரர் மட்டும் நோயாளிகளுக்குத் தொந்தரவில்லை என்று ஆசையாகக் கூப்பிட்டார். சத்தம் போடாத மிஷின் கெட்டுப்போன மிஷின்தான் என்று சொல்லிப் பாதி வாடகை கொடுத்தார். அதையும் பொறுத்தார்கள். ஒருநாள் மேலிருந்து சட்டி சரிந்தது. ஜெயம் "ஒதுங்கு" என்று உயிர் போகக் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பாவாடையின் கால் கட்டைவிரல் நசுங்கியது. அடுத்தது ஒரு தலையாக இருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஜெயம் நேராக மஞ்சள் சுவர் வீட்டுக்குப் போனார். ஜூலியன் கதவைப் பாதிதான் திறந்தார்.

"ஆல்பம் இன்னும் ஓடலக்கா. இது பரிசோதனை முயற்சி."

"பரிசோதன உன்னுது தம்பி, கூலி எங்குளுது. காச குடு, இல்ல சத்தத்த குடு. ஆளு சாவப்போறான்."

"சத்தம் யாருக்கும் சொந்தமில்லக்கா."

"அப்ப தட்டு மேல எதுக்கு உன் பேரு?"

கதவு மூடிக்கொண்டது.

கூலி தராத வீட்டுக்கு மேஸ்திரிகள் செய்கிற வேலை ஒன்று உண்டு. கலவை மிஷினை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி வெறுமனே ஓடவிடுவார்கள். அக்கம்பக்கம் காதைப் பொத்திக்கொண்டு வந்து கேட்கும். வீட்டுக்காரர் மானத்துக்குப் பயந்து எண்ணி வைப்பார். ஊமை மிஷினை வைத்துக்கொண்டு இதைச் செய்து என்ன பிரயோஜனம் என்று ஆட்கள் கேட்டார்கள். கண்ணையனுக்கு வேறு வழி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்புகிற நேரத்தில், மிஷினை ஜூலியன் வாசலில் நிறுத்தி முடுக்கினார். அது பூனை மாதிரி சுற்றியது. ஆனால் ஊரில் விற்றிருந்த தட்டுகளெல்லாம் உறைக்குள் இருந்தபடியே அலற ஆரம்பித்தன. பீரோவில் பூட்டி வைத்தவை, பரிசுக் காகிதம் பிரிக்காதவை, காபிக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியவை, ஒன்று பாக்கியில்லை. பாரிஸில் தட்டு வாங்கியிருந்தவர்களிடமிருந்துகூட ஜூலியனுக்குப் போன் வந்தது. வாசலில் மிஷின் நின்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. எதிர்வீட்டுப் பெர்னதெத் அம்மாள் முக்காட்டோடு ஓடிவந்து, "ஏய் ஜூலியன், கூலிய குடுத்துத் தொலையேன்டா, என் பீரோ ஆடுது" என்று கத்தினார்.

ஜூலியன் வீடு முழுக்கத் துழாவிக் காசு கொண்டுவந்தார். தாள் தாளாக ஜெயத்தின் கைக்கு வர வர, சத்தமும் ஒவ்வொன்றாகத் திரும்பியது. முதலில் மண்வெட்டி, அடுத்து சட்டி, அப்புறம் ஜெயத்தின் "ஏத்து", அதற்குப் பின் மிஷின். தெரு அதிர்ந்தது. கடைசியில் ஐம்பது ரூபாய் குறைந்தது. ஒரு சத்தமும் பாக்கி நின்றது.

"ஜிபே பண்ணிடறேன் முசே, நம்பர் சொல்லுங்க" என்று மேஸ்திரியையே பிரெஞ்சு மரியாதையில் முசே போட்டுக் கூப்பிட்டார் ஜூலியன்.

"இருமல்தான? அவனே வச்சிக்கட்டும், வுடு" என்றார் பாவாடை. "வூட்லயாவது நிம்மதியா தூங்குவாங்க."

ஜெயம் அந்த ஐம்பதைத் தள்ளுபடி செய்துவிட்டார். கணக்கு அத்தோடு தீர்ந்தது.

இப்போது அந்த ஆல்பத்தில் வேறெதுவும் இல்லை. முழுக்க அமைதி, நடுவில் பாவாடையின் இருமல். விலை ஏறியிருக்கிறது, அதே போலக் கண்ணை மூடித்தான் கேட்கிறார்கள். பாவாடை இன்னும் மூட்டை பிரிக்கிறார். தூசியில் இடுப்பு வளைய இருமுகிறார், பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது. கேட்க வேண்டுமென்றால் தட்டு வாங்க வேண்டும்.