இன்னும் காயலை

எங்கள் தெரு இருக்கும் நிலத்துக்கு சர்க்கார் வைத்திருக்கும் பெயர் புறம்போக்கு. அதனாலேயே இங்கே யாரும் அந்த வார்த்தையைச் சொல்லித் திட்டுவதில்லை. குட்டையாகக் கிடந்த இடத்தை மண்ணடித்துத் தூர்த்து என் மாமனார் கட்டிய வீட்டில், முன்னறையில் என் ஓரகத்தியும் நானும் கட்சிக்கொடி அச்சடிக்கிறோம். எந்தக் கட்சி கேட்டாலும் அடிப்போம். சாயத்துக்கு ஏது கொள்கை!

எனக்கும் ஓரகத்திக்கும் ஏழாம் பொருத்தம். குறிப்பாக அவளுடைய பொய் எனக்கு ஆகாது. கொடி கேட்டு யார் வந்து நின்றாலும், "இன்னும் காயலைங்க" என்பாள். பாதி நாள் அச்சே அடித்திருக்க மாட்டோம்.

தெருவை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் சாலையில் உட்கார்ந்தோம். வேனில் ஏற்றினார்கள், மாலையில் இறக்கிவிட்டார்கள், மறுபடி உட்கார்ந்தோம். கடைசியில் வக்கீலம்மாவோடு என் வீட்டுக்காரர் தடை உத்தரவு கேட்டு கோர்ட்டுக்குப் போனார். அவர் போன அன்றைக்கே, இடிக்கிற இயந்திரம் தெருவுக்குள் வந்துவிட்டது. வீடு தரைமட்டமான பிறகு தடை உத்தரவை எங்கே ஒட்டுவது?

குறுக்கே உட்கார்ந்த எங்களை போலீஸ் அள்ளி ஓரமாகத் தள்ளியது. உறுமிக்கொண்டு வந்த இயந்திரம் எங்கள் வாசலில் சட்டென்று நின்றது. அங்கே தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அன்று சாயங்காலக் கூட்டத்துக்கான ஆளுங்கட்சிக் கொடிகளைக் காயப்போட்டிருந்தோம்.

டிரைவர் தலையை நீட்டினான். "சார், கட்சிக்கொடி சார். நான் மோத மாட்டேன். யாராவது படம் புடிச்சுப் போட்டா என் பொழப்பு போயிடும்."

எங்களைப் பார்த்து நிற்காத வண்டி துணியைப் பார்த்து நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, சிரிப்பும் வந்தது.

"அதையெல்லாம் அவுத்து வைங்கம்மா" என்றார் இயந்திரத்தோடு வந்த அதிகாரி.

"இன்னும் காயலைங்க" என்றாள் ஓரகத்தி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "இப்ப அவுத்தா தலைவர் மூஞ்சி அழிஞ்சு அப்பிக்கும். நீங்க பொறுப்பேத்துக்குறீங்களா?"

அதிகாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனை எடுத்தார். கொடிகளோ அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன. காலையில் நானே தொட்டுப் பார்த்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆளுங்கட்சி வேட்பாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து கூப்பிய கை பிரியாததால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கும்பிடு.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கழட்டிடலாம் சார்" என்றார் அதிகாரி.

"தொட்டுப் பாத்தே சொல்லுங்கண்ணே" என்றாள் ஓரகத்தி. "ஓட்டு போடுற தெரு மொத்தமும் கேட்டுக்கிட்டு நிக்குது."

கும்பிடு கையைப் பிரித்து ஒரு கொடியைப் பிடித்தார். அது மொடமொடவென்று சத்தம் போட்டது. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள், கைக்குக் கை போன்.

"ஈரமாத்தான் இருக்கு" என்றார், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு. "நல்ல ஈரம். காயட்டும்."

அதிகாரியும் ஒரு கொடியைத் தொட்டார், வாயைத் திறந்தார், கும்பிடு முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். டிரைவர் எஞ்சினை அணைத்தான். மண்டையைப் பிளக்கிற வெயிலில் எல்லோரும் கொடி காயக் காத்திருந்தோம்.

தெருமுனையிலிருந்து என் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "தடை கிடைச்சிருச்சு!" பின்னாலேயே மூச்சு வாங்க வக்கீலம்மா. அதிகாரி உத்தரவைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். இயந்திரம் பின்னால் போகப் போக எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓரகத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

கும்பிடு செருமினார். "சரி, கொடியக் குடுங்கம்மா. கூட்டத்துக்கு நேரமாச்சு."

"ஓட்டு கேக்க வந்தப்ப தர்றேன்னீங்களே, எங்க பட்டா என்னாச்சுண்ணே?" என்றாள் ஓரகத்தி.

"வரும்மா. ஜெயிச்சதும் மொத கையெழுத்தே அதுதான்."

"மேடையில சொல்லுவீங்களா?"

"அது... மேலிடத்துல கேக்கணும்."

ஓரகத்தி கொடியைத் தடவிப் பார்த்தாள். "அப்படின்னா இன்னும் காயலைங்க."

அவர் நியாயம் கேட்பதுபோல என் பக்கம் திரும்பினார். நானும் எட்டி ஒரு கொடியைத் தொட்டேன். "ஆமாண்ணே" என்றேன். "நல்ல ஈரம்."