தனியே வைக்கப்பட்ட இயந்திரம்

1

இந்தக் கதை என் அக்காவுடையது. அவள் மூன்று மாதம் அதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்துவிட்டு, துணி மடிக்கும்போது ஒருநாள் பாதியும் மறுநாள் மீதியுமாகச் சொன்னாள். எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வாக்குப்பதிவு நாளன்று வானம் இருண்டு, ஏதோ ஒரு

அக்கா எட்டிப் பார்த்து, அன்றைக்கு நல்ல வெயில் என்றாள். அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

(இந்தப் பகுதி தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.) நாடாளுமன்ற முறையில் பிரதமரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு தொகுதியும் ஓர் உறுப்பினரை அனுப்புகிறது. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் யார் பக்கமோ, அவரைக் குடியரசுத் தலைவர் ஆட்சி அமைக்க அழைக்கிறார். மேலே நடப்பது இவ்வளவுதான். கீழே அது ஒரு வகுப்பறை, நான்கு மேசைகள், ஓர் அட்டை மறைப்பு, ஓர் இயந்திரம். அந்த வகுப்பறைக்கு அன்று ஒருநாள் மட்டும் என் அக்கா தலைமை அலுவலர். மற்ற நாட்களில் கணக்கு டீச்சர்.

கணக்கு டீச்சர் என்பதை நான் சேர்க்கவில்லை. கதைக்காகச் சேர்த்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதால், அவளை வரலாற்று டீச்சராக மாற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

3

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். கட்சி ஏஜென்ட்டுகள் முன்னிலையில் ஐம்பது பொய் வாக்குகளைப் போட்டு, இயந்திரம் சரியாகக் கூட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு பொத்தானை அழுத்தி ஐம்பதையும் அழித்துவிட்டு, பூஜ்ஜியம் என்று எல்லோருக்கும் காட்டி, படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அக்காவின் பூத்தில் இரண்டு ஏஜென்ட்டுகள். ஒருவர் மூக்குக்கண்ணாடி, இன்னொருவர் எப்போதும் கழுத்தில் கைக்குட்டை. அவரவர் கட்சிக்கு ஆளுக்கு இருபத்தைந்து வாக்கு என்று சமமாகப் போட்டார்கள். அது முடிந்ததும் மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்று தகராறு. அக்கா நாற்காலிகளை இழுத்துப்போட்டுச் சமாதானம் செய்தாள். திரும்பி வந்து படிவத்தை நீட்டினாள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

ஒன்பது மணிக்குப் பதிவேட்டையும் இயந்திரத்தையும் ஒப்பிட்டாள். பதிவேட்டில் நூற்று முப்பத்தேழு. இயந்திரத்தில் நூற்று எண்பத்தேழு. மறுபடி கழித்துப் பார்த்தாள். ஐம்பது, காலையில் அழிக்காமல் விட்ட அதே ஐம்பது.

4

இனி ஏஜென்ட்டுகள். காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத இருவரும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, ஐந்தே நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊரில் இல்லாதவர்கள், இறந்தவர்கள் என்று பட்டியலில் எப்படியும் ஐம்பது பேர் தேறுவார்கள். மாலையில் அவர்கள் வந்து போட்டதாகப் பதிவேட்டில் குறித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

“ரெண்டு பக்கமும் இருபத்தஞ்சு தானே மேடம், யாருக்கும் நஷ்டமில்ல” என்றார் கண்ணாடி. கைக்குட்டை தலையாட்டினார்.

(என் முதல் வரைவில் அக்கா இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்கு மனப்போராட்டம் நடத்தினாள். நன்றாகவே வந்திருந்தது. உண்மையில் அவள் தண்ணீர் குடித்தாள், மேலதிகாரிக்குப் போன் செய்தாள்.)

ஐம்பதைக் கழித்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “எந்த அம்பதுன்னு மெஷினுக்குத் தெரியாதுடா. பொய்க் கையெழுத்து போட்டவ நான். இருபத்தஞ்சு இருபத்தஞ்சுன்னு நான் சொன்னா யாரு நம்பணும்?”

5

வாக்குப்பதிவு தொடரட்டும் என்று உத்தரவு வந்தது. மாலைக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வாக்களித்தார்கள். அந்த இயந்திரம் எண்ணும் இடத்தில் தனியே வைக்கப்பட்டது. தொகுதியின் வெற்றி வித்தியாசம் அந்த பூத்தின் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் அங்கே ஓட்டுள்ள அந்த ஒரு தெருவுக்கு மட்டும் மறுபடி வாக்குப்பதிவு. அதிகமாக இருந்தால் இயந்திரம் திறக்கப்படாது, உள்ளே இருக்கும் வாக்குகள் எண்ணப்படாது.

கதாசிரியனாக எனக்கு வேண்டியது முந்நூறு வாக்கு வித்தியாசம். அந்த ஒரு தொகுதியில் ஓர் அரசாங்கமே தொங்க வேண்டும். வந்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம். இயந்திரம் திறக்கப்படவில்லை, ஆட்சி அமைந்தது, அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது, எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

6

ஒருவரைத் தவிர. அக்கா தினமும் பள்ளிக்குப் போகும் பேருந்தின் ஓட்டுநர் அதே தெருக்காரர். வாக்குப்பதிவன்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து, ஒன்றே கால் மணி நேரம் வரிசையில் நின்று வாக்களித்தவர். மேலதிகாரிக்குச் சொன்னது அக்காதான் என்று அவரிடம் கைக்குட்டை போட்டுக்கொடுத்துவிட்டார்.

போன வாரம் சிக்னலில் வண்டி நின்றபோது, முன் சீட்டில் இருந்த அக்காவிடம் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். “டீச்சர், நீங்க சொல்லாம இருந்திருந்தா என் ஓட்ட எண்ணியிருப்பாங்களா?”

“எண்ணியிருப்பாங்க.”

“அப்ப, மறுபடி இப்படி ஆச்சுன்னா சொல்வீங்களா?”

பச்சை விழுந்தது. அக்கா இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். அன்றிலிருந்து வேறு பேருந்து.

நான் மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் ‘சொல்வேன்’ என்கிறாள், அவர் மரியாதையாகத் தலையசைக்கிறார். அக்கா அதை அடித்துவிட்டு, அவர் அப்படித் தலையசைக்க மாட்டார் என்று ஓரத்தில் எழுதினாள். இரண்டாவதில் ‘மாட்டேன்’ என்கிறாள். அதை அடிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாவதில் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். “எதுக்கு? மறந்ததுக்கா, சொன்னதுக்கா?” என்றாள்.

நாளை முதல் அந்தப் பழைய பேருந்திலேயே போகப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எட்டேகாலுக்கு ஏறுவாள், சிக்னல் எட்டரைக்கு வரும். இந்த முடிவை நான் எழுதப் போவதில்லை. அவளைத் தெரிந்தவன், ஒருதலைப்பட்சமாகிவிடும். அந்தத் தெருவில் வாக்களித்த ஓட்டுநர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே கால் மணி நேரம் நின்ற கால் உங்களுடையது. அவள் என்ன சொன்னால் நீங்கள் வண்டியை எடுப்பீர்கள்?