சிமுல்டிக் கிணற்றுத் தண்ணீர்

மழை ஓய்ந்து பூஜை நெருங்கினால் சியாம்பஜாரில் மற்ற வீடுகளில் புதுத்துணி எடுப்பார்கள். அபனிமோகன் சான்யாலின் வீட்டில் வரைபடம் விரிப்பார்கள்.

தெருவில் யார் எங்கே புறப்பட்டாலும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் புறப்படுவார்கள். எந்த ரயிலில் எந்தப் பக்கத்து ஜன்னல், எந்த ஊர் விடுதியில் வெந்நீர் கிடைக்கும், எந்த நிலையத்துத் தேநீரை வாயில் வைக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு நாக்கு நுனியில். போனவர்கள் திரும்பிவந்து பலகாரப் பொட்டலத்தோடு நிற்பார்கள். அவரோ, "பக்கத்துச் சந்துல இதைவிட நல்ல கடை இருந்துச்சே, பாக்கலயா?" என்று அவர்களுக்காக வருத்தப்படுவார்.

அந்த மகான் பக்கத்திலிருக்கும் பர்த்வானைத் தாண்டியதில்லை என்பது மனைவி சுரமாவுக்கு மட்டும் தெரியும். பர்த்வானுக்குப் போனதும் ஒரு கல்யாணத்துக்கு. அங்கே தின்ற மிஹிதானா இனிப்பு வயிற்றைப் புரட்டி, மறுநாளே வீடு வந்து சேர்ந்தார்.

திட்டங்களுக்கு மட்டும் குறைவில்லை. ஒரு வருஷம் புரி; கடல் காற்று மூட்டுக்கு ஆகாது என்று கடைசி வாரத்தில் நின்றுபோயிற்று. இன்னொரு வருஷம் டார்ஜிலிங். மலை சரிந்துவிடும் என்று, மலைக்கே தோன்றாத யோசனை இவருக்குத் தோன்றிற்று. பெட்டி படுக்கையோடு கிளம்பும் அக்கம்பக்கத்தாரை எல்லாம் சுரமா வாசலில் நின்று "துர்கா, துர்கா" என்று வழியனுப்புவாள். ஊராருக்கெல்லாம் துணைக்கு அனுப்பிய துர்கையைத் தனக்கென்று ஒருதரம் கூப்பிட அவளுக்கு வாய்க்கவில்லை.

இந்த வருஷம் சிமுல்டி. சந்தால் பர்கனாவில் எங்கோ ஒரு சின்ன ஊர்.

"சின்ன ஊர்தான் ஃபோனி," என்றார் அபனி, பொரியில் கடுகெண்ணெயைப் பிசிறியபடி. எதிரே உட்கார்ந்திருந்தவர் எதிர்வீட்டு ஃபோனி பாதுரி. தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். அபனியின் வாய்ச்சொல்லை முத்திரை குத்தின தபாலாக நம்புகிறவர். "வாரத்துக்கு ஒரு சந்தை. ஆத்துல தண்ணியவிட மணல் ஜாஸ்தி. ஆனா அந்தக் கிணத்துத் தண்ணி இருக்கே! கல்லைத் தின்னுட்டு ஒரு டம்ளர் குடிச்சாப் போதும், சாயங்காலம் மறுபடி பசிக்கும்."

"கொசு?"

"கொசுவா? அங்க அடிக்கிற காத்துல கொசு பாட்னாவுல போய்த்தான் இறங்கும்."

உள்ளே கத்தரிக்காய் பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்த சுரமாவின் கை நின்றது. செம்மண் பாதை, மணல் ஆறு, ரயிலில் மடியில் வைத்துத் தின்கிற லூச்சிப் பூரி எல்லாம் எண்ணெய்ப் புகைக்கு நடுவே தெரிந்தன. இதுவும் கடைசி வாரத்தில் செத்துப்போகும். போகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் மனசு மாறினால் பயணம் முடிந்தது. அப்படியானால், இரண்டே பேராக ஏன் இருக்க வேண்டும்?

பஜ்ஜித் தட்டோடு அவள் வெளியே வந்தாள்.

"நீங்களும் லீலாவும் எங்ககூட வாங்களேன்! இவரை மாதிரி வழிகாட்டி எங்க கிடைப்பாங்க?"

அபனியின் பஜ்ஜி வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"அண்ணி! நெசமாவா?" ஃபோனி எழுந்தே விட்டார். "அபனிதாகூட ரயில்ல! லீலாகிட்டச் சொன்னா இன்னிக்கே பொட்டி கட்டிருவா!"

"அவசரமில்ல ஃபோனி," என்றார் அபனி. "பயணம்கிறது நிதானமா..."

ஃபோனி மறுநாள் விடியுமுன் முன்பதிவு வரிசையில் போய் நின்றார். லட்சுமி பூஜை முடிந்த வாரத்துக்கு நாலு டிக்கெட். தெருமுனையிலிருந்தே அவற்றைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

அன்றிலிருந்து சுரமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். கல்யாணத்துக்கு வந்த அடுக்குத் தூக்கைப் பரணிலிருந்து இறக்கிப் புளிபோட்டு விளக்கினாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை வரச்சொல்லிவிட்டாள். ஃபோனியின் மனைவி லீலா ஒரு நாளைக்கு நாலு தரம் ஓடிவந்து, "சுரமாதி, இந்தப் புடவையா, அதுவா?" என்பாள். "ரெண்டையும் எடுத்துக்கோடி! யாரு கேக்கப்போறா?" என்று சுரமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கடைசி வாரம் வந்தது. அபனிக்கு வயிற்றுக் கோளாறு வந்தது.

"மந்தமா இருக்கு ஃபோனி. புளிச்ச ஏப்பம். நீங்க போயிட்டு வாங்க, நான் அடுத்த வருஷம்..."

"அடடா, இதவிட நல்ல நேரம் ஏது அபனிதா? கல்லே செரிக்கும்னீங்களே! உங்களுக்கு வெறும் ஏப்பம்தானே!"

மறுநாள் அபனி காய்ச்சலைக் கொண்டுவந்தார். "அந்தப் பக்கம் மலேரியாவாம்."

"கொசுவே பாட்னா போயிடுதே, மலேரியா எப்படி இருக்கும்? எவனோ போகாதவன் சொல்லியிருப்பான்," என்றார் ஃபோனி. அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அபனியை அதிகம் குத்தியது.

அன்று சாயங்காலம் அபனி அடுக்களை வாசலில் வந்து நின்றார். "அங்க போய் அவன் எதாவது கேட்டான்னா?"

"என்ன கேப்பாரு?"

"கிணறு எங்க இருக்குன்னு."

சுரமா மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "ஊர்க்காரங்களைக் கேட்டாச் சொல்லிட்டுப் போறாங்க. குல்லாயை மறக்காம எடுத்து வைங்க."

ஹவுரா நிலையத்தில் வியர்த்துக் கொட்டிய வெயிலில், கழுத்துவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லாயோடு அபனி படையெடுக்கிற தளபதி மாதிரி நின்றார். வண்டி நகர்ந்தது. "துர்கா, துர்கா," என்றாள் சுரமா. தனக்கே தனக்காகச் சொன்னதில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அடுத்த பெட்டியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

பர்த்வான் வரைக்கும் அபனி ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வரலாறு சொன்னார். பர்த்வான் பின்னால் போனது. அதோடு அவர் பேச்சும் நின்றது. வயல் சிவந்து மேடாயிற்று. பனைகள் தள்ளித் தள்ளி நின்றன. வானம் இவ்வளவு பெரிதா என்று சுரமா வாயைத் திறந்தவள் மூட மறந்தாள். மதியம் சாய்கையில், அடிவானக் கோட்டில் நீலமாக ஒன்று எழுந்தது.

"மலை! மலை!" லீலா கத்தினாள்.

"அபனிதா, அது எந்த மலை?" என்றார் ஃபோனி.

அபனி வாயைத் திறந்தார். சுரமா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஃபோனி நம்பிவிடுவார்.

"தெரியல ஃபோனி," என்றார் அபனி மெல்ல. "நானே இப்பத்தான் பாக்கறேன்."

யார் காதிலும் அது விழவில்லை. ஃபோனி லீலாவின் தோளுக்கு மேலே எக்கிக்கொண்டிருந்தார். லீலா மலையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம் கம்பி வழியே காற்றோடு போயிற்று. பதறிப்போனவர் போல அபனி ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு அவரும் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டார்.

"அந்தக் குல்லாயைக் கழட்டுங்க," என்றாள் சுரமா. "எனக்கு மலை மறைக்குது."