ஜூன் ஒன்றில் பிறந்த எண்பத்து மூன்று பேர்

இசக்கிச்செல்வி முதலில் செய்த தவறு, பிறந்த தேதியை அப்படியே வரிசைப்படுத்தியதுதான். கோவில்பட்டியில் அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸின் இணையதளத்தில், அடுத்துப் பிறந்தநாள் வரப்போகிறவர்களின் பட்டியல் இருக்க வேண்டும். அவள் எழுதிய நிரலில் ஆக வயதானவர் முதலில் வந்து நின்றார்.

வருஷத்தைக் கழற்றி, மாதத்தையும் நாளையும் மட்டும் வைத்துப் பார்த்தாள். அதிலும் ஓட்டை. டிசம்பர் கடைசியில், அடுத்த வாரம் பிறந்தநாள் வரும் ஜனவரிக்காரர்கள் ‘முடிந்துபோனவர்கள்’ ஆகிவிட்டார்கள். கடைசியில் கேள்வியையே மாற்றினாள். இந்த வருஷத்துப் பிறந்தநாள் கடந்துவிட்டதா? கடந்திருந்தால் அடுத்த வருஷத்துக்குத் தூக்கு. பிறகு இன்றிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணு. குறைந்த நாள் மேலே. அவ்வளவுதான்! வருஷம் உருண்டாலும் பட்டியல் தானே உருண்டது.

இதில் பிறந்தநாள் வந்தவருக்கு அன்று மதியத்துக்கு மேல் சம்பளத்தோடு லீவு. ஜனவரியில் முதலாளி மேடையில் சொன்ன வாக்கு. நாளுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று ஐந்து மாதம் ஓடியது.

மே இருபத்தைந்தாம் தேதி மேனேஜர் சுந்தரபாண்டியன் அவள் மேஜைக்கு வந்தார்.

“ஏட்டி, வார திங்கக்கெழம எண்பத்து மூணு பேரு காட்டுது. ஒம் கம்ப்யூட்டருக்குக் கிறுக்கா?”

அவளும் அப்படித்தான் நினைத்துச் சோதித்திருந்தாள். வருஷம் வேறு வேறு. ஊர் வேறு வேறு, இடைசெவலிலிருந்து எப்போதும்வென்றான் வரை. தேதி மட்டும் ஜூன் ஒன்று.

“கிறுக்கு இல்ல அண்ணாச்சி. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்து சேக்கையில வயசு அஞ்சு ஆகியிருக்கணும்லா? சார்வாளே ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாக.”

“அப்போ பொய்த் தேதிதான? ஆளுக்கு ஒரு தேதியா வருஷம் பூரா பிரிச்சுப் போடு. அம்புட்டுப் பேரும் குச்சி அடைப்புப் பிரிவு, அது நின்னா லோடு போகாது.”

“அவியகிட்ட கேக்காமலா?”

“ஒனக்கு ஒப்பந்தம் அடுத்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கணும்னா நாந்தான் கையெழுத்துப் போடணும்.”

அவள் எழுந்து அடைப்புப் பிரிவுக்குப் போனாள். ரெங்கம்மாள் குச்சியை அளவு பிசகாமல் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷக் கை.

“சித்தி, நீங்க நெசமா எப்பப் பொறந்தீக?”

“மார்கழின்னு எங்கம்மா சொல்லும். என்னத்துக்குட்டி?”

இசக்கிச்செல்வி விஷயத்தைச் சொன்னாள். நாலைந்து பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

“ஆதாருல ஜூன் ஒண்ணு, ரேஷன் கார்டுல ஜூன் ஒண்ணு, பிஎஃப்புல ஜூன் ஒண்ணு,” என்றாள் ரெங்கம்மாள். “மார்கழின்னு சொன்னப்பல்லாம் எவன் கேட்டான்? அம்பது வருஷமா அந்தத் தேதியச் சொமந்துட்டுத் திரியுதேன். அதுவா வந்து ஒரு அரை நாள் தருது, அதையும் புடுங்கணுமா ஒங்க மேனேஜருக்கு? மாத்தாத, ஆமா!”

இசக்கிச்செல்வி மேனேஜரிடம் திரும்பி வந்தாள்.

“மாத்த மாட்டேன் அண்ணாச்சி. ஒருக்கா கேக்காம எழுதிட்டாக. ரெண்டாவது தடவ நான் எழுத மாட்டேன்.”

“வேற ஆள வச்சு மாத்திக்கிடுதேன்.”

“மாத்துங்க. ஆனா தேதிய யாரு தொட்டாலும் பழைய தேதி, புதுத் தேதி, தொட்டவுக பேரு மூணும் பதிவாகும். அவியவிய போன்ல அவியவிய பக்கத்துல தெரியும். போன மாசம் நீங்கதான் போடச் சொன்னீக, ஒருத்தரும் தில்லுமுல்லு பண்ணக் கூடாதுன்னு.”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தன் அறைக்குப் போய்விட்டார்.

ஜூன் ஒன்று, மதியம் சங்கு ஊதியது. எண்பத்து மூன்று பேர் தூக்குவாளியோடு வாசலைக் கடந்தார்கள். ரெங்கம்மாள் மேனேஜர் அறை ஜன்னலை எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, பொறந்தநாளு! வாழ்த்துச் சொல்ல மாட்டீகளா?” என்றாள். கூட்டமே சிரித்தது. அடைப்புப் பிரிவு பொழுதடையும் வரை சும்மா கிடந்தது.

மறுநாள் காலையில் சுந்தரபாண்டியன் பட்டியலைத் திறந்தார். எண்பத்து மூன்று பேரும் அடிக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் எதிரே: இன்னும் 364 நாள்.

“அடுத்த வருஷமும் இதே கூத்துதானா?” என்றார். அவளுடைய ஒப்பந்தத் தாள் இன்னும் கையெழுத்தாகாமல் அவர் கையில் இருந்தது. “அப்ப நீ இங்கன இருப்பியான்னு பாப்போம்.”

“நான் இருக்கேனோ இல்லையோ அண்ணாச்சி,” என்றாள் இசக்கிச்செல்வி, “பட்டியல் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கும்.”