அயனிக்கோட்டுக்குப் போகும் ரோடு

கருங்கல் ஊர்ச் சந்தையில் செருப்புக்கடை வைத்திருக்கும் முருகதாஸுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அஞ்சலியையும் மகள் ஆதிராவையும் காரில் ஏற்றிக்கொண்டு அயனிக்கோட்டுக்குப் புறப்பட்டான். குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் கிடக்கும் அந்தச் சின்ன ஊர்தான் அஞ்சலிக்குப் பிறந்த ஊர். ஆதிரா பிறப்பதற்கு முன்பிருந்தே அஞ்சலி அங்கே போவதில்லை. அப்பா வைகுண்டராஜன்தான் பஸ் ஏறி வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவார்.

போகாததற்குக் காரணம் ரோடுதான். தலைப்பிரசவத்துக்கு அவள் அப்பா வீட்டில் இருந்தபோது, வலி கண்டதும் ஜீப்பில் ஏற்றினார்கள். நல்ல மழை. குண்டும் குழியுமாய்க் கிடந்த வழியில் ஜீப் புதைந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே பிள்ளை வயிற்றுக்குள் அடங்கிப் போயிற்று. ஆண் பிள்ளை. அவளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு, துணியில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்கள். அவர் தன் வீட்டையொட்டிய ரப்பர்த் தோட்டமான விளையின் ஓரத்தில், ரோட்டைப் பார்த்து நின்ற அயனி மரத்தடியில் அடக்கம் செய்தார். அஞ்சலி அந்த இடத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கருங்கலுக்கு வந்துவிட்டாள். அந்த வழியாக இன்னொரு தடவை போக அவளால் முடியவில்லை.

இப்போது ரோடு புதிதாகிவிட்டது என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் சொன்னார்கள். அப்பாவும் போனில் அதையே சொன்னார். ஆனால் வரட்டுமா என்று கேட்டால் மட்டும், தூசி அடங்கட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டார். அதனால் இந்தத் தடவை அவரிடம் சொல்லாமலே கிளம்பினாள். மார்த்தாண்டத்தில் கொஞ்சம் பிச்சிப்பூ வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வளைவுகளையெல்லாம் நேராக்கி, பாலங்களை அகலமாக்கி, வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். முருகதாஸ் ரோட்டைப் புகழ்ந்துகொண்டே ஓட்டினான். "அன்னைக்கு மட்டும் இந்த ரோடு..." என்று தொடங்கியவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அப்பா வீட்டு முன்னால் நின்றார். நெற்றியில் நாமம். காரைக் கண்டதும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. "சொல்லாம வந்திட்டியே மக்களே" என்றார். அஞ்சலி பூவோடு விளையின் ஓரத்துக்கு நடந்தாள். அங்கே ஓரமே இல்லை. மரமும் இல்லை. வேலிக்கு வெளியே கறுப்பாகத் தார் கிடந்தது.

"அப்பா, மரம் எங்க?"

அவர் வேலியோரமாக வந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். இடம் ரோட்டுக்குப் போகிறது என்று தெரிந்ததும், பிள்ளையைத் தோண்டி எடுத்து வீட்டுக்குப் பின்னால் வைக்கலாம் என்று நினைத்திருந்தார். அடுத்த வாரம்தான் வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஒரு விடியற்காலை அவர் வேறொரு விளையில் ரப்பர் பால் வெட்டப் போயிருந்த நேரத்தில் மெஷின் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது மண்ணெல்லாம் லாரியில் ஏறிப் போயிருந்தது. விசாரித்து, அதைக் கொட்டிய பள்ளத்துக்கும் ஓடியிருக்கிறார். பல இடத்து மண் அங்கே மலைபோலக் குவிந்து கிடந்தது. பொழுது சாயும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எது நம்ம மண்ணுன்னு எனக்குத் தெரியல்ல மக்களே."

"போன்ல ரோடு நல்லா இருக்குன்னுதான சொன்னீங்க?"

"வேற என்னத்த சொல்ல?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பூவைத் தாரின் ஓரத்தில் வைத்தாள். யாருக்கு என்று ஆதிரா கேட்டதும், உன் அண்ணனுக்கு என்றாள். தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதையே அந்தப் பிள்ளை அப்போதுதான் கேள்விப்பட்டது. அது ரோட்டைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது.

அப்பா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியோடு வைத்தார். யாருக்கும் இறங்கவில்லை. புறப்படும்போது அவர் வாசலோடு நின்றுகொண்டார்.

"அந்த எடத்து மேல காரை ஏத்தாண்டாம்" என்றாள் அஞ்சலி.

முருகதாஸ் காரை எதிர்ப்பக்கத்து ஓரம்வரை ஒதுக்கி ஓட்டினான். எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து ஏசினான். முருகதாஸ் அப்படியே நின்று, லாரி விலகிப் போன பிறகு, அதே பக்கமாக விளையின் எல்லை தாண்டினான்.

மார்த்தாண்டம் வரைக்கும் கார் ஓரிடத்தில்கூடக் குலுங்கவில்லை. எங்கேயாவது ஒரு குழியில் விழுந்து எழுந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அஞ்சலிக்கு.